அவர் கையில் மட்டும் நின்ற கார்

என் அக்காவுக்குக் கோபமே வராது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். சுத்தப் பொய். வரும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை, மூக்குக்கு மேல் கோபம். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் இறக்கும்போது ஒரு தடவை என்று பதினோரு வருஷமாக ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு தெரு தள்ளிப் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முதலாளிதான் அந்த ஆள். அவர் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும், அவர் பெரிய மனிதர்களிடம் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் விக்கல் எடுக்க வேண்டும் என்று நாளுக்கு ஒன்றாகக் கண்டுபிடித்துச் சொல்வேன். அக்கா வயரின் தோலை உரித்துக்கொண்டே கேட்பாள். "முடிஞ்சுதா? அந்தக் கட்டிங் பிளேயரை எடு" என்பாள்.

அக்கா கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவள். எங்கள் கடை ஏழடி அகலம். உள்ளே ஒரு மேசை, பழைய டைனமோக்கள் அடுக்கிய ஒரு ரேக், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட வயர்ச் சுருள்கள், நான் உட்காரும் ஒரு ஸ்டூல். கார் உள்ளே நுழையாது. தெருவோரம் நிறுத்தித்தான் வேலை. சாமான் எடுத்துக் கொடுப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, வராத ஒருவரைத் திட்டுவது, இவை மூன்றும் என் பொறுப்பு.

அக்காவிடம் ஒரு பல்பு உண்டு. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்து, ஒரு முனையில் ஊசியும் மறு முனையில் கிளிப்பும் வைத்து அவளே செய்தது. கிளிப்பைக் காரின் உடம்பில் எங்காவது கடிக்கவிட்டு, ஊசியால் ஒரு வயரைத் தொடுவாள். கரண்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. விலை உயர்ந்த மீட்டர்கள் வந்த பிறகும் அவள் இதை விடவில்லை. அதனால் ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாளிலேயே அவளுக்குப் பல்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளுடைய வேலை முறையும் தனி. கெட்டுப்போன கார் வந்தால் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். அக்கா திறக்க மாட்டாள். சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் போய் உட்காருவாள். அவர் எப்படி ஏறுகிறார், எதை முதலில் தொடுகிறார், எங்கே பிரேக் போடுகிறார் என்று பேசாமல் பார்ப்பாள். பாதிக் கோளாறு வண்டியிடம் இருக்கும், மீதிப் பாதி ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரிடம் இருக்கும் என்பது அவள் கணக்கு.

பத்தொன்பது வயதில் அவள் அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். வயரிங் வேலைக்கென்று வெளியிலிருந்து ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். அவருக்கு டார்ச் பிடிக்க ஆள் இல்லாமல் இவளைக் கூப்பிடுவார்கள். அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை, தருகிற ரகமும் இல்லை. இவள் பிடித்த டார்ச்சின் வெளிச்சத்தில் இவளே பார்த்துக்கொண்டாள். ஒரு வருஷத்தில், அவர் தேடிக்கொண்டிருக்கும் வயரின் மேல் இவளே வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தாள். அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். ஆறு வருஷத்தில் வயரிங் முழுவதும் அவள் கைக்கு வந்தது. கூடவே ஸ்டோர்ஸ் சாவியும் வந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு சாமானிலும் மஞ்சள் பெயின்ட்டால் குட்டியாக ஒரு நம்பர் எழுதி அடுக்கி வைப்பாள். கண்ணைக் கட்டிவிட்டால்கூட எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்வாள். முதலாளியே வருகிறவர்களிடம், "எங்க பல்பைக் கேளுங்க" என்று பெருமையடித்துக்கொண்ட காலம் அது.

பிறகு ஒரு பெட்டி காணாமல் போனது. கையகலம் இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் காருக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இன்ஜின் கம்ப்யூட்டர். ஸ்டோர்ஸில் இல்லை. ஸ்டோர்ஸ் சாவி இருந்தது அக்காவிடம். முதலாளிக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

ஸ்டோர்ஸ் வாசலில் நீளமான ஒரு இரும்பு பெஞ்ச் இருக்கும், இன்ஜினைப் பிரித்து வைப்பதற்கு. வேலை முடிந்து கிளம்பிய பதினான்கு பேரையும் அதன் முன்னால் நிற்க வைத்தார். அக்காவின் பையை மட்டும் வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பல்பு, ஒரு கைக்குட்டை, அந்த மாதத்துக்கு வாங்கி வைத்திருந்த நாப்கின் பாக்கெட், ஒரு சீப்பு. பெட்டி இல்லை. "வெளிய கடத்தியாச்சு போலிருக்கு" என்றார் முதலாளி. சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பொருள்களை எடுத்து வைக்கச் சொல்லாமல் திரும்பி நடந்தார். அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நாப்கின் பாக்கெட்டை எடுக்கும்போது இரண்டு பேர் சிரித்தார்கள். சீப்பு பெஞ்சுக்கு அடியில் விழுந்திருந்தது. அவள் மண்டியிட்டு, கழிவு ஆயில் ஊறிய தரையில் கையை ஊன்றித் துழாவி எடுத்தாள். இதையெல்லாம் அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நான் பதினோரு வருஷமாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எந்த ஒர்க்‌ஷாப்பும் அவளைச் சேர்க்கவில்லை. "நல்லா வேலை செய்வியாம், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த இழுவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. பொண்ணுக்குக் கை நீளமாமே என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். அதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் எங்கள் அம்மா அவளைத் தனியாகச் சமையலறைக்குள் கூப்பிட்டு, மெல்ல, "எடுத்திருந்தா என்கிட்ட மட்டும் சொல்லிடும்மா" என்று கேட்டாள். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. நம்பிக்கொண்டு போனாளா, நம்பாமல் போனாளா என்று எங்களுக்குத் தெரியாது. நான் ஏன் அந்த ஆளை விடாமல் திட்டுகிறேன் என்று இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், அந்த ஒர்க்‌ஷாப்பின் ஃபோர்மேன் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். அவருக்குச் சைலன்சர் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. பை கவிழ்க்கப்பட்ட அன்றும் அங்கேதான் நின்றார், அன்றும் பேசவில்லை. இப்போதும் வயர்ச் சுருள்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன, சுருள் எண்ணுறீங்களா?" என்றேன்.

"முதலாளி வண்டி நிக்குது" என்றார்.

முதலாளியிடம் ஒரு பழைய கார் உண்டு. முப்பது வருஷமாகத் தன் கையாலேயே பராமரிப்பதாகச் சொல்லிக்கொள்வார். ஆறு மாதமாக அது நடுவழியில் நிற்கிறதாம். பள்ளத்தில் இறங்கினால், திருப்பத்தில் திரும்பினால், திடீரென்று இன்ஜின் அணைந்துவிடும். சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆவது போல் ஆகும். திருகிய கையை விட்டதும் செத்துவிடும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் போய் முயன்றால் முதல் திருகிலேயே ஓடும். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று முடிவு கட்டி, பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலை மாற்றினார்கள், கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினார்கள், பேட்டரியையும் மாற்றினார்கள். அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்தது.

இப்போது அவசரம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் வருகிறார். இருபத்திரண்டு பழைய கார்கள் வைத்திருப்பவர். அத்தனையையும் ஒரே இடத்தில் பராமரிப்புக்கு விடப்போகிறார். அதற்கு முன்னால் முதலாளியின் சொந்தக் காரில் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்ற வேண்டுமாம். சொந்த வண்டியையே பார்க்கத் தெரியாதவரிடம் தன் வண்டிகளை எப்படி விடுவது என்று சொல்லிவிட்டாராம். இவ்வளவையும் சைலன்சர் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ஆளுங்க ஓட்டும்போது நின்னிருக்கா?"

"ஒரு தடவைகூட இல்ல. அவர் கையிலதான் நிக்குது."

அக்கா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரேன்னு சொல்லுங்க. எல்லாரும் இருக்கணும். ஸ்டோர்ஸ் முன்னாடி இருக்கிற பெஞ்சைக் காலி பண்ணி வைங்க. கூலி பணமா வேண்டாம். என்னன்னு அங்க வந்து சொல்றேன்."

அவர் போனதும் நான் குதித்தேன். "அந்த ஆளு வண்டியைப் போய் நீ சரி பண்ணுவியா? உனக்குச் சூடு சொரணை இருக்கா இல்லையா? போறதுதான் போறோம், பெட்ரோல் டேங்க்ல ஒரு கிலோ சர்க்கரையைக் கொட்டிட்டு வருவோம்."

"சர்க்கரை போட்டா வண்டி கெடும். வண்டி என்னடி பண்ணிச்சு?" என்றாள் அக்கா. "நான் போறது வண்டிக்காக இல்ல. என் பேரு அந்த பெஞ்சு மேல கெடக்கு. எடுத்துட்டு வரணும்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பையில் சாமான் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடப் போகிறவள் எதற்குச் சாப்பாட்டு டப்பாவை எடுக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்து அலமாரியைத் திறந்து நாப்கின் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். கடைசியில் கண்ணாடிக்குக் கீழே இருந்த சீப்பை எடுத்து உள்ளே போட்டபோது எனக்குப் புல்லரித்தது. "அக்கா, என்ன செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போறேன்" என்றாள்.

ஒர்க்‌ஷாப்பின் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் உள்ளிருந்தே எங்களைப் பார்த்துவிட்டு முதலாளியைத் தேடி ஓடினார். கேட் சாவி முதலாளியிடம். அந்தப் பெட்டி காணாமல் போனதிலிருந்து அங்கே எந்தச் சாவியும் வேறு யாரிடமும் கிடையாது. ஸ்டோர்ஸ், டூல் ரூம், கம்ப்ரசர் ரூம் எல்லாவற்றின் சாவியும் கைப்பிடி அளவு இரும்பு வளையம் ஒன்றில் அவர் கையிலேயே இருக்கும். ஒருவனுக்கு வயிறு சரியில்லை என்றால் கழிவறைச் சாவிக்குக்கூட அவர் முன்னால் போய்த்தான் நெளிய வேண்டும். அந்த வளையத்தை ஆட்டிக்கொண்டே முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், பெரியவருக்காகப் போட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டைத் திறந்தார்.

"வண்டி அங்க நிக்குது. பானெட்டைத் திறந்து வச்சிருக்கேன்" என்றார்.

"மூடுங்க. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காருறேன்" என்றாள் அக்கா.

மூடுவதற்கு முன் பல்பின் ஊசி முனையைக் காயிலுக்குக் கரண்ட் வரும் வயரில் குத்தி, நீள வயரைப் பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்கு இழுத்து வந்தாள். கிளிப்பைக் கதவின் கீல் போல்ட்டில் மாட்டினாள். பல்பு அவள் மடியில் இருந்தது. முதலாளி ஏறி, சாவிக் கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் தேடிப் பிடித்து, கொத்தோடு அப்படியே சுவிட்சில் செருகித் திருகினார். மடியில் பல்பு எரிந்தது. நான் பின் சீட்டில் இருந்தேன். அந்தப் பிடரி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு தெரு வரை ஒன்றும் ஆகவில்லை. அக்கா சாலையைப் பார்க்கவில்லை, பல்பையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஊஞ்சல் போல் ஆடும் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தெருவில் ஒரு வேகத்தடை. கார் ஏறி இறங்கியது. கொத்து ஒரு குலுங்கு குலுங்கியது. பல்பு அணைந்தது, இன்ஜினும் அணைந்தது. முதலாளி சாவியைத் திருகினார். உறுமியது. கையை விட்டார். செத்தது. மறுபடி திருகினார், மறுபடி செத்தது. அவர் காதுக்குப் பின்னால் வியர்வை இறங்குவதை நான் கண்குளிரப் பார்த்தேன்.

அக்கா ஒரு விரலை நீட்டிக் கொத்தை மெல்லத் தூக்கினாள். பல்பு எரிந்தது. விரலை எடுத்தாள். அணைந்தது. தூக்கினாள், எரிந்தது. மூன்று தடவை செய்து காட்டினாள். பிறகு கொத்து முழுவதையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். ஒரே திருகில் ஓடியது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஓட்டினார், அவள் ஏந்திக்கொண்டே வந்தாள்.

அவரும் மெக்கானிக்தான். புரியாமல் இருக்குமா? ஒர்க்‌ஷாப்புக்குள் காரை நிறுத்தியதும் தணிந்த குரலில், "புரிஞ்சுது. இனி நான் பாத்துக்கிறேன். கூலி எவ்வளவுன்னு சொல்லிட்டுக் கிளம்பும்மா" என்றார்.

அக்கா கொத்தோடு சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். நேராக பெஞ்சுக்கு நடந்தாள். பழைய ஆட்களில் ஒன்பது பேர் இன்னும் அங்கேயே இருந்தார்கள். அன்றைக்குச் சிரித்த இருவரும் அதில் அடக்கம். புதிதாக ஐந்தாறு பேர். சைலன்சர் ஸ்டோர்ஸ் கதவில் சாய்ந்து நின்றார். அக்கா கார் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, கொத்தை பெஞ்சில் போட்டாள். பின்னாலேயே வந்த முதலாளி கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மணி பத்தே முக்கால்.

"பம்பு, காயில், பேட்டரி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மாத்தினது அத்தனையும் தண்டம்" என்றாள் அக்கா, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "சாவி போடுற சுவிட்சு உள்ள தேஞ்சு போச்சு. தேய வச்சது இந்தக் கொத்து. பதினோரு வருஷமா இவ்வளவு கனமும் அதுலயே தொங்குது. வண்டி குலுங்கினா கொத்து ஆடும், கரண்ட் விட்டுப்போகும், இன்ஜின் நிக்கும். உங்க கையில ஏன் நிக்கலன்னா, கொத்தோட சாவியைக் கொடுக்கிற அளவுக்கு உங்க யாரையும் இவர் நம்பல. வண்டிச் சாவியை மட்டும் கழட்டிக் கொடுப்பாரு. அப்ப அது ஓடத்தான் செய்யும்."

யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒவ்வொண்ணா கழட்டி வைங்க. எது எதுன்னு சொல்லுங்க. அந்தந்த ஆளு எடுத்துக்கட்டும்" என்றாள் முதலாளியிடம். "மறுபடியும் கொத்தாச் சேர்த்தா, சுவிட்சை மாத்தினாலும் இதே கதிதான்."

"நான் அப்புறம்..."

அக்கா மூடிய கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். கார் சாவி அதற்குள் இருந்தது. அவர் வளையத்தைக் கையில் எடுத்தார். நகம் போட்டுப் பிரித்தார். "இது கேட்." வாட்ச்மேன் தயங்கித் தயங்கி எடுத்துக்கொண்டார். "டூல் ரூம். கம்ப்ரசர். இது... பாத்ரூம்." அதற்கு வெளிப்படையாகவே சிரித்தார்கள். ஸ்டோர்ஸ் சாவி வந்தபோது அவர் குரல் உள்ளே போனது. இப்படியே பதினாறு சாவிகள். பதினேழாவது, சிறிய பித்தளைச் சாவி. அதை ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்தார்.

"இது?"

"பழசு. எதுக்குன்னு தெரியல."

"உங்க ரூம் இரும்பு அலமாரி. மேல் தட்டு."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது சைலன்சர். அவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார். "அந்தப் பெட்டி அதுலதான் இருந்துச்சு. நீங்களே பத்திரமா வச்சு நீங்களே மறந்துட்டீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்து, வேற வண்டியில மாட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தீங்க. பல்பு எழுதின மஞ்ச நம்பர் அதுல அப்படியே இருந்துச்சு. நான்தான் தின்னர் போட்டுத் துடைச்சேன்."

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் முதலாளி பக்கம் திரும்பினார்கள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. தெரியாமல் பழி போட்டவர் என்றுதான் இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். தெரிந்துகொண்டே ஒன்பது வருஷம் சோறு தின்றிருக்கிறார். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் பெட்டியைக் கண்டெடுத்த பிறகுதான். வாயைத் திறந்திருந்தால் அம்மா கேட்டே இருக்க மாட்டாள். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல் இருந்தது. பக்கத்து டிராலியில் கிடந்த பெரிய ஸ்பேனர் மேல் என் கை போனதை அக்கா பார்த்துவிட்டாள். "வை" என்றாள். வைத்தேன்.

அவள் முதலில் சைலன்சரிடம் திரும்பினாள். "வாரா வாரம் எங்க கடை வழியாத்தான் போனீங்க." அவர் தலையைத் தொங்கப்போட்டார். "உங்களை அப்புறம் கேக்கறேன்" என்றாள். பிறகு முதலாளியிடம், "பெட்டியை எடுத்தது யாரு?"

"யாரும் எடுக்கல." உதடுதான் அசைந்தது.

"நான் எடுத்தேனான்னு கேக்கறேன். எல்லாருக்கும் கேக்கணும்."

"நீ எடுக்கல."

எனக்கு வயிறு குளிர்ந்தது. இது போதும், கிளம்பலாம் என்றுகூட நினைத்தேன். பதினோரு வருஷம் திட்டிய நானே அவ்வளவில் இறங்கிவிட்டேன். அக்கா இறங்கவில்லை. தோளிலிருந்து பையை எடுத்தாள், ஜிப்பைத் திறந்தாள், பெஞ்சின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா தடால் என்று விழுந்தது. தண்ணீர் பாட்டில் உருண்டது. கைக்குட்டை, நாப்கின் பாக்கெட். சீப்பு பெஞ்சின் விளிம்பில் பட்டுக் கீழே போனது. தானாக விழுந்ததா, அவள் தட்டிவிட்டாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"இதான் கூலி" என்றாள். "கொட்டினது நீங்க. எடுத்து வைக்க மறந்துட்டீங்க. வைங்க."

வெளியே ஹார்ன் அடித்தது. பெரியவரின் கார். முதலாளி அக்காவைப் பார்த்தார், அவளுடைய மூடிய கையைப் பார்த்தார். "உள்ள கூட்டிட்டு வந்துடாதே" என்று வாட்ச்மேனிடம் சொல்லத் திரும்பினார். கேட் சாவி இப்போது வாட்ச்மேன் கையில் இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் திறக்கப்போகிற சந்தோஷத்தில் அவர் பாதி தூரம் போயிருந்தார்.

முதலாளி டப்பாவை எடுத்துப் பையில் வைத்தார். பாட்டிலை வைத்தார். கைக்குட்டையை வைத்தார். நாப்கின் பாக்கெட்டுக்கு முன்னால் அவர் கை நின்றது. அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரையும் அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் ஸ்டோர்ஸ் கதவைப் படிக்க ஆரம்பித்தார்கள். அவர் எடுத்தார், உள்ளே வைத்தார். மூச்சு விட்டார். கையை நீட்டினார், கார் சாவிக்கு.

"பல்பு வண்டியில இருக்கு, அதை என் தங்கச்சி எடுத்துக்குவா" என்றாள் அக்கா. "இன்னும் ஒண்ணு பாக்கி. சீப்பு."

அவர் சுற்றிலும் தேடினார். அக்கா கண்ணால் பெஞ்சுக்கு அடியில் காட்டினாள். கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. கார் கதவு ஒன்று சாத்தும் சத்தம், பிறகு உள்ளே நடந்து வரும் செருப்புச் சத்தம். முதலாளி மண்டியிட்டார். வெள்ளைப் பேன்ட்டின் முழங்கால் தரையில் பட்டதும் கறுத்தது. ஒரு கையை ஊன்றி, மறு கையை உள்ளே விட்டுத் துழாவினார். பெரியவர் வந்து சேர்ந்து, ஒன்றும் புரியாமல், எல்லோரோடும் சேர்ந்து நின்று அதைப் பார்த்தார்.

முதலாளி எழுந்து சீப்பை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. குனிந்து பார்த்தாள். பற்களுக்கு நடுவில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"துடைச்சுக் கொடுங்க" என்றாள்.